நன்றாகப் பாடும் சிடியை நம்பாதீர்கள்

குன்னூரில் சித்தப்பா வீட்டு அலமாரியில் 200-க்கும் மேற்பட்ட சிடிகள் இருக்கின்றன. ஐப்பசியில் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டால் அந்த வீட்டில் துணி காயாது, உப்பு கசியும், செருப்பில் பூசணம் பூக்கும். சிடி மட்டும் தப்புமா? போன மழைக்கு அப்புறம் சில பெட்டிகளைத் திறந்தால் அட்டையில் பழுப்புப் புள்ளிகள், தட்டின் ஓரத்தில் வெள்ளைப் படலம். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்றேன். "நல்லாத்தானே பாடுது, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார் சித்தப்பா.

சிக்கலே அந்த 'நல்லாத்தானே'யில்தான் இருக்கிறது.

சிடியின் 1.2 மில்லிமீட்டர் கனத்தில் ஏறக்குறைய முழுவதும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல்முகத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள். அவற்றின் மேல் அலுமினியப் பூச்சு, அதைக் காக்க ஒரு வார்னிஷ், அப்புறம் அச்சடித்த படம். பள்ளங்கள் நடுவில் தொடங்கி ஓரம் நோக்கிச் சுருளாக ஓடுகின்றன. சுருளைப் பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கும் மேல் போகும். சுற்றுக்குச் சுற்று இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு தலைமுடி அகலத்தில் சுமார் 40 சுற்று. கீழிருந்து அகச்சிவப்பு லேசர் இதைப் படிக்கிறது. பள்ளம் 0, மேடு 1 என்று பலரும் நினைத்திருக்கிறோம், அப்படியில்லை. பள்ளம் தொடங்கும் அல்லது முடியும் விளிம்புதான் 1.

இப்படிப் படித்தெடுப்பதெல்லாம் எண்கள். பாட்டை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில், இடது வலது இரண்டுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். மனிதக் காதுக்கு எட்டும் உச்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதன் இருமடங்குக்குச் சற்று மேல் அளந்தால் எதுவும் விட்டுப்போகாது.

கீறல் விழும் என்று தெரிந்தேதான் சோனியும் பிலிப்ஸும் இதை வடிவமைத்தார்கள். எண்களை வரிசையாக எழுதாமல் கலைத்துத் தள்ளித்தள்ளி எழுதி, இடையிடையே சரிபார்ப்பு எண்களையும் சேர்த்தார்கள். 1960-இல் ரீட், சாலமன் என்ற இருவர் கண்டுபிடித்த கணக்கு அது. சுருளின் வழியே சுமார் 2.5 மில்லிமீட்டர் அழிந்தாலும் எண்களை அப்படியே மீட்டுவிடலாம். அதனால்தான் சிடியைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கக்கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுக்க வேண்டும். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளியூண்டுதான் கெடுக்கும். சுற்றோடு போகும் கீறல் ஒரே இடத்தில் நீளமாகத் தின்றுவிடும்.

அதற்கும் மேல் அழிந்தால்? பிளேயர் ஊகிக்கும். பஸ் பலகையில் ஓர் எழுத்து உதிர்ந்து 'கோ_தகிரி' என்று இருந்தாலும் நாம் கோத்தகிரி என்றே படிப்போமே, அதுபோல. முந்தைய அளவு 100, பிந்தைய அளவு 120 என்றால் நடுவில் 110 போட்டுப் பாடிவிடும். பெரும்பாலும் காதுக்குத் தெரியாது. தட்டு கெடத் தொடங்கிய பிறகும் சித்தப்பாவுக்கு அது நல்லாத்தான் பாடும்.

கேட்பதற்கு இது வரம். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது வம்பு. ஊகித்த 110 அப்படியே ஃபைலில் ஏறி நிரந்தரமாகிவிடும். மென்பொருள் அடங்கிய டேட்டா சிடியில் 2,352 பைட்டுக்கு 2,048 மட்டுமே சரக்கு. மிச்சத்தில் பெரும்பகுதி கூடுதல் காவலுக்கு. பாட்டு சிடியில் அந்த 2,352-உம் பாட்டுதான், கூடுதல் காவல் கிடையாது. அதனால் சிடியைக் கம்ப்யூட்டரில் ஏற்றும், அதாவது ரிப் செய்யும், நல்ல மென்பொருள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடும். அக்யூரேட்ரிப் என்ற தரவுத்தளம் இன்னும் ஒரு படி மேலே போய், அதே சிடியை ரிப் செய்த மற்றவர்களின் ஃபைலிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணோடு உங்களுடையதை ஒப்பிடுகிறது. முன்பின் தெரியாத ஒருவரின் தட்டோடு எண் பொருந்தினால் அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எந்த வடிவத்தில் சேமிப்பது? தகரக் கூரையில் மழை கொட்டும்போது பக்கத்து அறைப் பேச்சு கேட்காது, இல்லையா? பெரிய ஒலி சின்ன ஒலியை மறைக்கிறது. அப்படி மறைந்துபோகும் ஒலிகளைக் கணக்குப் பார்த்துக் கழிப்பதுதான் எம்பி3. ஃப்ளாக் என்ற இன்னொரு வடிவம் எதையும் கழிக்காமல் சுருக்கும். ஃபைல் பெரும்பாலும் அசலில் பாதிக்குச் சற்று மேல் வரும். எனக்கு ஃப்ளாக்தான். அதிலிருந்து எம்பி3 எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், திருப்பிச் செய்ய வழியில்லை.

சித்தப்பாவின் ஒரு சிடியில் கடைசிப் பாட்டு மட்டும் பொருந்தவேயில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஓரத்தில் ஊசிமுனை அளவு ஏழெட்டு ஓட்டைகள், அவற்றின் வழியே எதிர்மலைத் தேயிலைப் பச்சை. ஓரத்து வார்னிஷ் விட்டு ஈரம் புகுந்து அலுமினியம் போயிருக்கிறது. சுருள் அங்கேதான் முடிகிறது, ஆகவே கடைசிப் பாட்டு முதல் பலி. பிளாஸ்டிக் பக்கக் கீறலையாவது மெருகேற்றிச் சரிசெய்யலாம். இதற்கு மருந்தில்லை.

பழைய டிரைவ் ஒன்றைத் தேடியெடுத்து, வேகத்தைக் குறைத்து, ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். டிரைவுக்கு டிரைவ் படிக்கும் திறன் மாறும். காலையில் பார்த்தால் இரண்டு இடங்களைத் தவிர மற்றதெல்லாம் வந்திருந்தது. போட்டுக் காட்டினேன்.

"நான் சொல்லலை? நல்லாத்தானே பாடுது" என்றார்.