பச்சைக் குளமும் ராத்திரிக் கணக்கும்

2016 ஆகஸ்டில், ரியோ ஒலிம்பிக் போட்டிகள் நடந்துகொண்டிருக்கும்போதே டைவிங் குளம் பச்சையானது. அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றப்பட்டிருந்தது. அதுவும் கிருமிநாசினிதான். ஆனால் குளோரினோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். காவல் போன தண்ணீரில் பாசிக்குக் கொண்டாட்டம்.

வீட்டு நீச்சல் குளத்தில் குளோரினைத் தின்பவை வெயிலும் வியர்வையும். வெயிலிலிருந்து அதைக் காக்கவென்றே சயனூரிக் அமிலம் சேர்க்கிறோம். காக்கிற அதே அமிலம் அளவு மீறினால் குளோரினின் கையைக் கட்டிவிடும். குளோரின் மாத்திரையிலேயே ஓடும் குளங்களில் இதுதான் வில்லன்; அந்த மாத்திரைக்குள்ளேயே இந்த அமிலமும் இருக்கிறது. மாத்திரை வழியாக 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) குளோரின் இறங்கினால் கூடவே 6 பிபிஎம் அமிலமும் இறங்கும். குளோரின் தீர்ந்துபோகும், அமிலம் தங்கிவிடும்.

பாசியை ஒழிக்க, அமில அளவில் 40 சதவீதம் குளோரின் வேண்டும். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி 1.5 மீட்டர் ஆழம் என்றால் 75,000 லிட்டர். அமிலம் 30 பிபிஎம் இருந்தால் குளோரின் 12 பிபிஎம், அதாவது 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் பவுடர் சுமார் 1.4 கிலோ. அமிலம் 100 இருந்தாலோ 4.6 கிலோ! அதற்குப் பதில் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடலாம்.

பி.எச். அளவை முதலிலேயே 7.2-க்கு இறக்கிவிடுங்கள், குளோரின் ஏறியபின் அந்தச் சோதனை பொய் சொல்லும். சுவர், படி, ஏணியின் பின்புறம் எல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்து, பொழுது சாய்ந்தபின் பவுடரைக் கரைத்து ஊற்றுங்கள். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர். மாத்திரை அள்ளிய கரண்டி இதில் படக்கூடாது. இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பம்ப் இரவு பகலாக ஓடட்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சோதனைக் குழாயில், குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் காட்டும் டிபிடி மருந்து போட்டதும் ரோஸ் நிறம் பளிச்சென்று வந்து உடனே வெளுத்துப்போனால், குளோரின் இல்லை என்று அர்த்தமில்லை. நிறத்தையே வெளுக்கும் அளவுக்கு இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரைச் சம அளவு கலந்து சோதித்து, வந்ததை இரண்டால் பெருக்குங்கள்.

பாசி செத்ததா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். பொழுது சாய்ந்ததும் ஒரு முறை, விடியுமுன் ஒரு முறை குளோரினை அளந்து பாருங்கள். இரவில் வெயில் இல்லை. 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்தால் ஏதோ இன்னும் அதைத் தின்றுகொண்டிருக்கிறது. அப்படிக் குறைவது நிற்கும்வரை அளவை விடாமல் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

பச்சை போய்ச் சாம்பல் வெள்ளையாகக் கலங்குவது நல்ல அறிகுறி. செத்த பாசி அது. இனி வேலை மணல் பில்டருக்கு. அழுத்தமானி, சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த் திசையில் ஓடவிட்டு பில்டரைக் கழுவுவது. அவசரமென்றால் படிகாரம்: குடத்தில் தேத்தாங்கொட்டை இழைப்பதுபோல, மிதக்கும் துகளைத் திரட்டி அடியில் படிய வைக்கும். பம்பை நிறுத்தி ஓர் இரவு விட்டு, வண்டலைப் பில்டருக்குள் விடாமல் நேரே வெளியே உறிஞ்சிவிடுங்கள்.

அடித்தரை தெளிவாகத் தெரிந்தும் தண்ணீர் பச்சையாகவே நின்றால், அது பெரும்பாலும் தாமிரம். மயில்துத்தம் கலந்த பாசிக்கொல்லியிலிருந்து வந்திருக்கும். அதற்குக் குளோரின் கொட்டினால் காசுதான் கரையும்.