பற்றாசு பிடிக்காத உலோகத்தை இணைப்பது எப்படி?

அறுந்த சங்கிலியைத் தட்டார் வெங்காரம் தடவி ஊதினால், பற்றாசு என்னும் இணைப்பு உலோகம் உருகி இடுக்கில் ஓடிப் பிடித்துக்கொள்ளும். விழுந்த பல்லின் இடத்தை நிரப்ப, பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பல் பிரிட்ஜ்களைத் தங்கத்தில் செய்தபோதும் இப்படித்தான் இணைத்தார்கள். நிக்கல்-குரோமியக் கலவைக்கு மாறியபோதுதான் சிக்கல். அதன்மேல் படரும் குரோமியம் ஆக்சைடு துருவை அண்டவிடாது. பற்றாசையும் எளிதில் அண்டவிடாது. தேய்த்து எடுத்தாலும் சூடு பட்டதும் மறுபடி படரும்.

ஒட்டே இல்லாமல் ஒரே வார்ப்பாக எடுத்துவிடலாமே? உருகிய கலவை உறைந்து ஆறும்போது சுமார் 2.4 சதவீதம் சுருங்குகிறது. 40 மி.மீ. நீளப் பிரிட்ஜில் அது கிட்டத்தட்ட 1 மி.மீ. அச்சு விரிந்து பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். ஆனால் நீளமும் வளைவும் கூடக் கூட, மிஞ்சும் பிசகு, தாங்கும் பல்மேல் தொப்பிபோல் மாட்டும் கிரவுனின் விளிம்பில் இடைவெளியாக வந்து நிற்கும். அந்த இடத்தில் 0.1 மி.மீ.கூடப் பெரிய விஷயம்.

அதனால் பிரிட்ஜை இரண்டு துண்டாக வார்க்கிறார்கள். வெட்டு விழுவது, பல் இல்லாத இடத்தை நிரப்பும் பொய்ப்பல்லின் நடுவில்; உலோகம் அங்கேதான் தடிமனாக இருக்கும். இரு வெட்டுமுகங்களிலும் வாய் குறுகி உள்ளே அகன்ற குழிகள். துண்டுகளைச் சரியான நிலையில் நிறுத்தி, குழிகளையும் இடைவெளியையும் மெழுகால் நிரப்பி, எல்லாவற்றையும் அச்சுக்கலவைக்குள் புதைக்கிறார்கள். உலையில் மெழுகு எரிந்து போன வழியே புதிய உலோகம் பாய்கிறது. சுவாமிமலை ஸ்தபதிகளின் அதே மெழுகு வார்ப்புதான். 1907இல் அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட் இதைத் தங்க அடைப்புகளுக்குப் பயன்படுத்திக் காட்டிய பிறகு பல் மருத்துவத்தில் வேகமாகப் பரவியது.

பாய்ந்த உலோகம் பழையதோடு உருகிக் கலப்பதில்லை. நடுவில் ஆக்சைடு படலம் இருந்துகொண்டேதான் இருக்கிறது. பிடிப்பெல்லாம் குழியின் வடிவத்தில்! குடத்துக்குள் உறைந்த மெழுகுக்கட்டி வாய் வழியே வெளிவருமா? அதுபோலத்தான் இந்தப் பூட்டும்.

சுருக்கம் என்ன ஆனது? இப்போதும் 2.4 சதவீதம்தான். ஆனால் உருகிய உலோகம் நிரப்புவது 40 மி.மீ. அல்ல, 1 மி.மீ. அளவிலான இடைவெளி. அதில் 2.4 சதவீதம் 0.024 மி.மீ. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான்.

பூட்டுக்குப் போதிய இடம் வேண்டும் என்பதால், குட்டையான பற்களில் இது சரிவராது. லேசர் பற்றவைப்பு வந்தபின் இதன் தேவையும் குறைந்துவிட்டது. பூட்டிய பிரிட்ஜைத் தேய்த்துச் சீராக்கி, 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பீங்கான் பூச்சு ஏற்றுவார்கள். மூட்டு அதற்கடியில் மறைந்துவிடும்.