பலடின்: அரண்மனைக்காரனா, புனித வீரனா, வேளைக்காரனா?

"மாமா, பலடினுக்குத் தமிழில என்ன எழுதுறது?" போன சனிக்கிழமை உவர்மலை வீட்டு விறாந்தையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதைப்பாத்திர விளையாட்டு விளையாட உட்கார்ந்தபோது மருமகன் கேட்டான். பலடின் என்பது அதில் ஒரு வீரர் வகை. பாத்திரத் தாளில் மற்றதெல்லாம் நிரப்பியாயிற்று, அந்தக் கட்டம் மட்டும் வெறுமை. 'புனிதப் போர்வீரன்' என்று போடவா என்றும் அவனே கேட்டான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லைக் கிண்டிப் பார்த்தால் உள்ளே புனிதம் ஒரு துளியும் கிடையாது.

ரோமாபுரியின் ஏழு குன்றுகளில் ஒன்றுக்குப் பலாத்தியும் என்று பேர். பேரரசர் அகஸ்டஸ் அங்கே குடியிருந்தார், பின்னால் வந்தவர்களும் அங்கேயே மாளிகைமேல் மாளிகையாகக் கட்ட, கடைசியில் குன்றின் பேரே அரசமாளிகைக்குப் பேராகிவிட்டது. பேலஸ் என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். மலையின் பேரை ஊருக்கே வைத்துக்கொண்ட திருகோணமலைக்காரருக்கு இது பெரிய அதிசயமில்லை. அந்த மாளிகையைச் சேர்ந்தவன் 'பலாத்தினுஸ்', அதாவது வெறும் அரண்மனை அலுவலன். பிராங்கியரின் மன்னர் சார்லமேனைச் சுற்றி இருந்ததாகக் கதைப்பாடல்கள் சொல்லும் பன்னிரண்டு வீரர்களுக்கு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது, இத்தாலியில் பலதீனோ ஆனது, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. அந்தக் கதைகளில் அவர்கள் கிறிஸ்தவத்துக்காகப் போரிட்டதால்தான் சொல்லுக்குப் பக்தி வாசம் ஏறியது.

விளையாட்டுக்குள் அது வந்தது 1975இல், கிரேஹாக் என்ற துணைநூலில். அப்போது பலடின் ஆவதற்கே கவர்ச்சிப் புள்ளி 17 வேண்டும், ஒழுங்கு தவறினால் பதவி போச்சு. 1978 விதிநூலில் மனிதர் மட்டும், நல்லொழுக்கம் கட்டாயம் என்று இன்னும் இறுகியது. 2008 பதிப்பில் அந்தக் கட்டு அவிழ்ந்தது. 2014 பதிப்பில் மூன்றாம் நிலைக்கு (லெவல்) வந்ததும் ஒரு சத்தியம் எடுக்க வேண்டும், பலடினின் மேல்வலிமையெல்லாம் அந்தச் சத்தியத்திலிருந்து வருகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான், ஏனென்றால் இங்கே பலடினைப் பலடின் ஆக்குவது கோயிலும் அரண்மனையும் இல்லை, கொடுத்த வாக்கு.

ஆடிப் பார்த்தால் இன்னும் விளங்கும். இது பாதி வாள்வீரன், பாதி பூசாரி, இரண்டிலும் முழுசு இல்லை. மூன்றாம் நிலையில் நாளொன்றுக்கு மந்திர ஸ்லாட், அதாவது மந்திரம் போடும் வாய்ப்பு, மூன்றே மூன்று. மருமகன் அன்று முதல் அறையிலேயே கோப்ளின் என்ற இரண்டு சோணங்கிக் குட்டிப் பூதங்களுக்கு இரண்டு ஸ்மைட் (ஒரு ஸ்லாட்டைச் செலவழித்து வாளடியைப் பலமாக்குவது) போட்டுத் தீர்த்தான், ஓக் என்ற பெரிய பூதம் வந்து நின்றபோது கையில் ஒன்றுதான். நான் சொன்னது: தம்பி, 2014 விதியில் அடி விழுந்த பிறகுதான் ஸ்மைட் போடுவதா இல்லையா என்று தீர்மானிக்கிறோம், பொறு. இருபது பக்கத் தாயக்கட்டை சிமெந்துத் தரையில் உருண்டு, செருப்பில் முட்டி, 20 காட்டியது. 20 விழுந்ததால் ஸ்மைட்டுக்கு எட்டுப் பக்கக் கட்டை இரண்டு போட வேண்டிய இடத்தில் நான்கு போட்டான், ஓக் விழுந்தது. மற்றது, தொட்டுக் குணமாக்கும் ஆற்றலை (அவனுக்கு 15 புள்ளி) சின்னக் காயத்துக்குக் கொட்டக் கூடாது. மயங்கிக் கிடப்பவனை எழுப்ப ஒரு புள்ளியே போதும்.

சரி, தமிழ்ச்சொல். அரண்மனை வீரன் என்றால் வேருக்கு நேர்மை, ஆனால் வாசல் காவலாளி போல இருக்கிறது. அறமறவன் அழகுதான், மறம் என்றால் வீரம், பாவம் இரண்டும் என்பதால் உள்ளுக்குள் ஒரு இழுபறியும் உண்டு. ஆனால் அதிலும் சத்தியம் இல்லை. என் தெரிவு வேளைக்காரர்.

சோழர் காலத்தில் உயிரைக் கொடுத்தும் காப்போம் என்று சபதம் எடுத்த படையினர் இவர்கள். வேளை வந்தால் உயிர் கொடுப்பவர் என்று பேருக்குப் பொருள் சொல்வார்கள். இலங்கையிலும் இருந்தார்கள். பொலன்னறுவைத் தமிழ்க் கல்வெட்டில் புத்தரின் பல் இருந்த மாளிகையைத் தங்கள் பொறுப்பில் எடுத்து, தாங்கள் அழிந்தாலும் அதன் ஊர்களையும் அங்கே அடைக்கலம் புகுந்தவரையும் காப்போம் என்கிறார்கள். இது பலடின் சத்தியமில்லாமல் வேறென்ன? அவ்வளவு தூரமும் போக வேண்டாம், எங்கள் மாவட்டத்திலேயே கந்தளாய்ப் பக்கம் பாலமோட்டைக் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் விசயபாகு மன்னர் காலத்தில் ஒரு பிராமணப் பெண் கணவன் நினைவாகச் சிவன் கோயிலுக்குக் கொடுத்த அறக்கொடை, அதற்குக் காவல் வலங்கைப் பிரிவு வேளைக்காரர். சைவக் கோயிலுக்கும் காவல், பௌத்தப் பள்ளிக்கும் காவல். கும்பிடும் சாமியை விடச் சொன்ன சொல் பெரிது.

இவர்களை ஒரேயடியாக நல்லவர்களாக்கவும் வேண்டாம். கூலிக்குச் சேவித்த படைதான். அதே விசயபாகு சோழருக்கு எதிராக அனுப்பப் பார்த்தபோது கலகம் செய்து அரண்மனையையே கொளுத்தினார்கள் என்று பாளி மொழி வரலாற்று நூல் சொல்கிறது. அரண்மனையிலிருந்து வந்த சொல்லுக்கு அரண்மனையைக் கொளுத்தினவன் பேர்! விளையாட்டிலும் சத்தியம் மீறிய பலடினுக்குத் தனிக் கிளையே உண்டு, ஆகவே அதுவும் பொருந்துகிறது.

ஒரே சிக்கல் எழுத்து. மருமகன் தாளில் பெரிதாக 'வேளைக்காரன்' என்று எழுதி வைத்தான். பக்கத்தில் இருந்த அவன் கூட்டாளி அதை எட்டிப் பார்த்து, 'ல'கரமாகவே வாசித்து, "அப்ப எனக்கொரு பிளேன்டீ போட்டுக்கொண்டு வா மச்சான்" என்றான்.