சாலை எண் பொருந்தவில்லை: நெடுஞ்சாலைப் பலகைக்காக மனு எழுதுவோர் அறிய வேண்டியவை

விழுப்புரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தம் ஊருக்குத் திரும்பும் இடத்தில் விழுந்து கிடந்த வழிகாட்டிப் பலகையை மீண்டும் நட்டுத் தரும்படி ஒரே மனுவை மூன்று அலுவலகங்களுக்குத் தூக்கிக்கொண்டு அலைந்ததை உடனிருந்து பார்த்தேன். மூன்றாவது அலுவலகத்தில் மனுவின் ஓரத்தில் சிவப்பு மையால் ‘சாலை எண் பொருந்தவில்லை’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் எழுதியிருந்த 45 என்ற எண், விழுந்து கிடந்த அதே அரசுப் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்ட எண்தான்.

தேசிய நெடுஞ்சாலைகளின் எண்கள் 2010ஆம் ஆண்டில் ஒட்டுமொத்தமாக மாற்றப்பட்டன. வடக்கு தெற்காகச் செல்பவை இரட்டைப்படை, கிழக்கு மேற்காகச் செல்பவை ஒற்றைப்படை, மூன்று இலக்க எண் என்றால் கிளைச்சாலை, விதி அவ்வளவே. மாறாமல் நின்றவை பல பலகைகளும், மக்களின் பேச்சும், கடைகளின் விலாசங்களும்தான். சென்னையிலிருந்து திருச்சி வரை நாம் இன்றும் 45 என்று சொல்லும் சாலை, திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, அதற்கப்பால் 38. சேலம், கோவை வழியாகக் கேரளம் செல்லும் பழைய 47 இப்போது 544. கன்னியாகுமரிக்கு இறங்கும் பழைய 7 இப்போது 44. பெங்களூருச் சாலையான பழைய 4 இப்போது 48. பழைய எண்கள் ஒழிந்துபோயிருந்தாலாவது குழப்பம் குறைந்திருக்கும். அவை வேறு சாலைகளுக்கு வழங்கப்பட்டுவிட்டன: 45 மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் ஓடுகிறது, 4 அந்தமானில் இருக்கிறது. ஆகவே பழைய எண்ணை மட்டும் எழுதிய மனுவை, பெற்றுக்கொள்பவருக்கு மனமிருந்தால் புரிந்துகொள்ளலாம், மனமில்லையென்றால் சட்டப்படியே தள்ளிவிடலாம்.

எனவே மனுவில் புதிய எண்ணையும் ‘பழைய எண் இன்னது’ என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அதைவிட முக்கியமானது, இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள கிலோமீட்டர் கற்களின் எண்களும், அருகிலுள்ள பாலம், பள்ளி, பெட்ரோல் நிலையம் போன்ற அசையாத அடையாளமும். கல்லும் பலகையும் ஒரே படத்தில் தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பலகையை மட்டும் எடுத்த படத்தைக் காட்டினால், எந்த ஊர்ப் பலகை என்ற கேள்வி நிச்சயம் வரும்.

அடுத்த பொறி, சாலை யாருடையது என்பது. கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை என்பது பொதுவான அடையாளம். ஆனால் புறவழிச்சாலை வந்த ஊர்களில் ஊருக்குள் செல்லும் பழைய பகுதி மாநில நெடுஞ்சாலைத் துறைக்கோ உள்ளாட்சிக்கோ ஒப்படைக்கப்பட்டிருக்கும். மஞ்சள் கல் மட்டும் அங்கேயே நின்று உங்களைத் தவறான அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். உண்மையிலேயே தேசிய நெடுஞ்சாலையாக இருந்தாலும், சில பகுதிகளைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையமும், சில பகுதிகளை மாநிலத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவும் பராமரிக்கின்றன. முன்னதற்குத் திட்ட இயக்குநர், பின்னதற்குக் கோட்டப் பொறியாளர். இந்த இருவரில் யார் என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது வழக்கம். வரைபடத்தை எடுத்துப் பார்த்துச் சொல்ல இருவருக்கும் ஐந்து நிமிடம் போதும்.

தேசிய நெடுஞ்சாலை என்பது உறுதியானால் 1033 என்ற எண்ணில் எந்நேரமும் புகார் செய்யலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் அழைப்பைத் துண்டிக்காதீர்கள். மாநிலச் சாலைக்கு முதல்வரின் முகவரித் துறையின் 1100 இருக்கிறது. இடம் மாற்றிச் சொன்னால், எங்கள் வரம்புக்கு உட்பட்டதல்ல என்ற ஒரு வரியோடு புகார் முடித்துவைக்கப்படும் என்பதை எதிர்பார்த்தே பேசுங்கள்.

அந்த ஒரு வரிக்கு மறுமொழி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவில் இருக்கிறது. கேட்ட தகவல் தம்மிடம் இல்லாமல் வேறு அலுவலகத்தில் இருந்தால், மனுவை 5 நாட்களுக்குள் அந்த அலுவலகத்துக்கு அவர்களே அனுப்பி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். கட்டணம் 10 ரூபாய். இங்கே பலரும் செய்யும் தவறு, பலகையை மாற்றித் தாருங்கள் என்று இந்த மனுவில் கேட்பது. அது தகவல் அல்ல என்று சொல்லித் திருப்பிவிடுவார்கள். இன்ன கிலோமீட்டரிலிருந்து இன்ன கிலோமீட்டர் வரை சாலையைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது, அது ஒப்படைக்கப்பட்ட ஆணையின் நகல், அங்குள்ள பலகைகள் கடைசியாக ஆய்வு செய்யப்பட்ட நாள் ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். பதில் கையில் கிடைத்தபின் எழுதும் புகாரை யாரும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

பலகைக் குழப்பம் வெறும் எரிச்சலோடு நின்றுவிடாத இடம் ஒன்று உண்டு. சாலை அகலப்படுத்த நிலம் எடுக்கும்போது தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ அறிவிப்பு அரசிதழில் வெளியாகி, அதன் சாரம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில், ஒன்றிலாவது வட்டார மொழியில், வரும். அதில் புதிய எண்ணே இருக்கும். நம்ம ஊர்ச் சாலை 45தானே, இது வேறு ஏதோ 38 என்று நாளிதழை மடித்து வைத்துவிட்டு, நில அளவையாளர் வரப்பில் வந்து நின்ற பிறகு ஓடிவந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆட்சேபணைக்குக் கிடைப்பது 21 நாட்கள் மட்டுமே. ஆகவே அறிவிப்பில் சாலை எண்ணைத் தேடாதீர்கள். வட்டம், கிராமம், புல எண் என்ற வரிசையில் படித்து, பட்டாவில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். அதிலுள்ள கிலோமீட்டர் கணக்கும் சாலையோரக் கல்லோடு பொருந்தாமல் போகலாம்; அதை வைத்து நம் நிலம் தப்பியது என்று முடிவு செய்ய வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது நிலத்தை அந்தப் பயன்பாட்டுக்கு எடுப்பதற்கான ஆட்சேபணை. இழப்பீடு போதாது என்ற வாதம் பிந்தைய கட்டத்துக்கு உரியது, இப்போது எழுதினால் எடுபடாது. ஆட்சேபணைக் கட்டம் முடிந்து, அதே சட்டத்தின் 3டி பிரிவின்படி நிலம் எடுப்பதை உறுதிசெய்யும் அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்குச் சேர்ந்துவிடும். நாட்களை நாளிதழைப் பார்த்த அன்றிலிருந்து எண்ணாமல் அரசிதழ்த் தேதியிலிருந்தே எண்ணி, நில எடுப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை வைப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றால் அவர் வரும்வரை உட்கார்ந்திருங்கள்.