‘சரிங்க’ என்றால் எத்தனை மதிப்பெண்?

கடலூர் முதுநகர் மீனவர் ஒருவர் மனச்சோர்வோடு ஆலோசகர் முன் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். “நான் எதுக்கும் லாயக்கில்லாதவனுங்க” என்கிறார். “அப்படியெல்லாம் நினைக்காதீங்கண்ணே, பிள்ளைங்க முகத்தைப் பாருங்க” என்று ஆலோசகர் தேற்றுகிறார். பிறகு மனதில் ஓடும் எண்ணங்களையும் அவற்றுக்கான ஆதாரங்களையும் எழுதும் எண்ணப் பதிவுத் தாளை எடுத்து அவரோடு சேர்ந்து நிரப்புகிறார்.

எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றி மனநோயைத் தணிக்கும் பேச்சுமுறையான அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் (CBT) படிகள் நடந்தனவா என்று மட்டும் பார்க்கும் பட்டியலில் தாளுக்கு ஒரு டிக் விழும். இது முறை பிறழாமை. எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பது திறன். அது வேறு கணக்கு. “போன வாரம் பக்கத்து வீட்டு வலையைப் பின்னிக் கொடுத்தீங்களே, அப்பவும் அப்படித்தான் தோணிச்சா?” என்று கேட்டு, விடைக்குக் காத்திருந்தால்தான் திறன் மதிப்பெண் ஏறும். முதலில் தேற்றியது உபதேசம். இந்தக் கேள்வியில் நோயாளியே ஆதாரத்தைத் தேடுகிறார்.

இந்தத் திறனை அளக்க 1980-இல் உளவியலாளர் ஜெஃப்ரி யங்கும் இந்தச் சிகிச்சையின் முன்னோடியான ஏரன் பெக்கும் உருவாக்கிய அளவுகோலில் 11 கூறுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை, மொத்தம் 66. தேர்ச்சிக்கு வழக்கமாக 40 போதும். பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் முழு அமர்வின் ஒலிப்பதிவைக் கேட்டு மதிப்பெண் இடுகிறார். நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் பதிவு செய்யக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

மொத்த மதிப்பெண் ஏமாற்றும். ஒரு சிகிச்சையாளரின் மதிப்பெண் இப்படி என்று வைத்துக்கொள்வோம். நிகழ்ச்சி நிரல், கருத்துக் கேட்டல், புரிந்துகொள்ளல், பழகும் பாங்கு, கூட்டுழைப்பு, நேரப் பயன்பாடு ஆகிய 6 கூறுகளுக்கும் 5 வீதம் 30. அடுத்த அமர்வுக்குள் நோயாளி செய்துவர வேண்டிய வீட்டுப்பாடத்துக்கு 4. கேள்விகளால் கண்டறிய வைத்தலுக்கும் முக்கிய எண்ணத்தைப் பிடித்தலுக்கும் தலா 2, மாற்ற உத்திக்கும் நுட்பத்துக்கும் தலா 1. கூட்டினால் 40, தேர்ச்சி. ஆனால் சிகிச்சையின் உயிர்நாடியான நான்கும் படுத்துவிட்டன! கூறுவாரியான மதிப்பெண்ணைப் பார்க்காமல் சான்றிதழில் கையெழுத்திடுவது தவறு.

நம் ஊரில் இடறும் இடம் கூட்டுழைப்பு, அதாவது நோயாளியும் சிகிச்சையாளரும் சேர்ந்து முடிவெடுப்பது. புதுச்சேரியிலோ கடலூரிலோ “நீங்க சொன்னா சரிங்க” என்பது பெரும்பாலும் மரியாதை. சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்தச் சொல்லைக் கேட்டு 5 போடுபவர் நோயாளியின் பணிவுக்கு மதிப்பெண் கொடுக்கிறார். கேட்க வேண்டியது அதற்கு அடுத்த வரியை: “சரின்னு சொல்லிட்டீங்க, இதுல எது கஷ்டமா இருக்கும்?” என்று ஆலோசகர் கிளறினாரா? வீட்டுப்பாடத்துக்கும் இதே சோதனைதான். எந்த நாள், எத்தனை மணிக்கு, தடை வந்தால் என்ன செய்வது என்று பேசி முடிக்காத வீட்டுப்பாடம் காகிதத்தோடு நின்றுவிடும்.

மதிப்பீட்டாளர்களும் சறுக்குவார்கள். இனிமையான குரலைக் கேட்டதும் எல்லாக் கூறுகளுக்கும் கை தாராளமாகிவிடும். மாதங்கள் போகப் போக ஒவ்வொருவர் அளவுகோலும் தனி வழியில் நகரும். அதனால் ஒரே பதிவை இருவர் தனித்தனியாக மதிப்பிட்டு, வேறுபடும் கூறுகளை அந்தப் பகுதியை மீண்டும் ஓடவிட்டுப் பேச வேண்டும். சிகிச்சையாளர் தமக்குத் தாமே போடும் மதிப்பெண்ணை இதற்கு மாற்றாக வைக்க முடியாது. அது பெரும்பாலும் கூடுதலாகவே வரும். ஒரே ஒரு அமர்வை வைத்து ஆளை எடைபோடுவதும் ஆபத்து: வாய் திறக்காத நோயாளி வந்த நாளில் நல்ல சிகிச்சையாளரும் 40-ஐத் தொடாமல் போகலாம். வெவ்வேறு நோயாளிகளின் பதிவுகள் சிலவற்றையாவது கேட்க வேண்டும். அவற்றைச் சிகிச்சையாளரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் ஆகச் சிறந்ததுதான் வரும். குலுக்கல் முறையில் எடுங்கள்.