ஒரு வரி பேசிக், 15 பைற்று

உயர்தரத்தில் பைதன் படிக்கும் பிள்ளை தான் எழுதிய ஒரு வரி நினைவகத்தில் எங்கே, எந்த எண்களாகக் கிடக்கிறது என்று கேட்டால், இன்றைய மடிக்கணினியில் அதைக் காட்டுவது லேசான காரியமில்லை. 1982இல் பிரித்தானியாவில் வெளிவந்த சிங்கிளெயர் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக்கணினியில் நாலே வரியில் காட்டிவிடலாம். பழைய வீட்டுக்கணினிகளில் பேசிக் என்ற செய்நிரல் மொழியைப் படிப்பதன் பெரிய பயனே இதுதான். அசல் பெட்டி கையில் இல்லாவிட்டால் ஃபியூஸ் என்ற இலவச எமுலேட்டர் (அந்தக் கணினியைப் போலவே இயங்கும் மென்பொருள்) போதும். 48 கிலோபைற்று மாதிரியைத் தெரிவு செய்யுங்கள். கீழே வரும் எண்கள் அதிலும் அப்படியே வரும்.

இந்த மாதிரியில் 0 முதல் 16383 வரையான முகவரிகள் ரொம்முக்கு, அதாவது வாசிக்க மட்டுமே முடிந்த நினைவகத்துக்கு, உரியவை. பேசிக் மொழிமாற்றி முழுவதும் அந்த 16 கிலோபைற்றுக்குள் அடங்கிவிடுகிறது. 16384இலிருந்து திரை: புள்ளிகளுக்கு 6144 பைற்று, நிறங்களுக்கு 768. அதற்குப் பின் கணினியின் சொந்தக் குறிப்புகள் சில. பின்பக்கத்தில் வேறு கருவி எதுவும் செருகாதவரை உங்கள் செய்நிரல் 23755இல் தொடங்கும். கீழ்வரும் நான்கு வரிகளை அடியுங்கள். விசைகளில் இச்சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கும்.

10 லெட் ஏ=1
20 ஃபோர் என்=23755 டு 23769
30 பிரின்ட் என், பீக் என்
40 நெக்ஸ்ட் என்

புதியவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். பிரின்ட் என்பதை எழுத்தெழுத்தாக அடிக்கக் கூடாது. வரி எண்ணை அடுத்து திரையில் 'கே' என்ற எழுத்து மினுங்கும்போது பீ விசையைத் தட்டினால் முழுச்சொல்லும் வந்துவிடும். மீதி நான்கு எழுத்துகளையும் அடித்தால் அவை குப்பையாகச் சேரும். லெட்டுக்கு எல், ஃபோருக்கு எஃப், நெக்ஸ்ட்டுக்கு என். ஒரு முகவரியில் உள்ள எண்ணை வாசிக்கும் பீக் மட்டும் சற்றுச் சுற்றுவழி: கப்ஸ் ஷிஃப்டையும் சிம்பல் ஷிஃப்டையும் ஒன்றாக அழுத்தி விட்டுவிட்டு, ஓ விசை. வரியில் பிழை இருந்தால் என்டர் அடித்ததும் பிழையான இடத்தில் கேள்விக்குறி மினுங்கும். வரி உள்ளே போகாது.

ரன் கொடுத்தால் 15 எண்கள் வரும்: 0, 10, 11, 0, 241, 97, 61, 49, 14, 0, 0, 1, 0, 0, 13. இதுதான் உங்கள் பத்தாம் வரி. முதல் இரண்டும் வரி எண். அடுத்த இரண்டும் வரியின் மீதி நீளம், அதாவது 11 பைற்று. 241 என்பது லெட் முழுவதும். ஒரு விசையில் ஒரு சொல் வருவதற்கும் அது ஒரே பைற்றில் அடங்குவதற்கும் இதுவே காரணம். 97 சிறிய ஏ, 61 சமன் குறி, 49 திரையில் தெரியும் 1. கடைசி 13 வரி முடிவு. இடையில் வரும் 14உம் அதைத் தொடரும் ஐந்து பைற்றுகளும் திரையில் தெரியாதவை. அதே 1 என்ற பெறுமானம் கணக்குக்குத் தயாரான வடிவத்தில் இரண்டாம் முறை அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

கணக்கு எதை வைத்து நடக்கிறது என்று சோதித்துப் பாருங்கள். வரி எண் இல்லாமல் போக் 23762,50 என்று கொடுங்கள். போக் ஒரு முகவரியில் எண்ணை எழுதும் கட்டளை: இங்கே 49 இருந்த இடத்தில் 2 என்ற எழுத்தின் குறியான 50. அதற்கு ஓ விசை மட்டும் போதும். லிஸ்ட் செய்தால் பத்தாம் வரி ஏ=2 என்று காட்டும். ஆனால் ரன் செய்து பிரின்ட் ஏ என்று கேட்டால் பதில் 1. இனி போக் 23766,7 கொடுத்து மறுபடி ரன் செய்யுங்கள்: பட்டியலில் 2, விடை 7! எழுத்து நம் கண்ணுக்கு, மறைந்திருக்கும் ஐந்து பைற்று மொழிமாற்றிக்கு. அந்த வரியை எடிட் செய்து திரும்ப என்டர் அடித்தால் மறைவடிவம் எழுத்திலிருந்து புதிதாக உருவாகி, விடையும் 2 ஆகும்.

இந்த வசதிக்கு விலை உண்டு. செய்நிரலில் 1 என்று எழுதும் ஒவ்வொரு தடவையும் 7 பைற்று போகிறது. அதையே, எழுத்தை எண்ணாக்கும் வால் என்ற சொல்லைச் சேர்த்து, வால் "1" என்று எழுதினால் 4 பைற்றுதான். அக்காலத்தில் நினைவகத்தை மிச்சம்பிடிக்கப் பலர் செய்த வேலை இது. ஆனால் ஓட்டம் மந்தமாகும்.

வரியின் நீளத்தைச் சொல்லும் எண்ணுக்கும் முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. 9000ஆம் வரிக்குப் போகச் சொல்லும் கோ டூ 9000 என்றால் மொழிமாற்றி முதல் வரியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரியின் நீளத்தையும் கூட்டிக் கூட்டித் தாவித்தான் அந்த வரியைத் தேடும். ஸ்பெக்ட்ரத்தில் நெக்ஸ்ட்டும் இதே தேடலைச் செய்கிறது. ஆகவே அடிக்கடி சுழலும் பகுதியைத் தொடக்கத்தில் வையுங்கள். அக்காலத்து இன்னொரு வீட்டுக்கணினியான கொமடோர் 64 திரும்ப வேண்டிய முகவரியையே குறித்துவைப்பதால் அதன் நெக்ஸ்ட்டுக்குத் தேடல் தேவையில்லை. 23757இல் உள்ள 11ஐ மாற்றினால் அடுத்த வரி எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமல் போகும். பட்டியல் சிதறும், கணினி உறைந்தும் போகலாம். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், ரொம்முக்கு ஒன்றும் ஆகாது.

அசல் பெட்டியில் செய்பவர்கள் முதலில் மின்சாரத்தைக் கவனிக்க வேண்டும். வேண்டியது 9 வோல்ற்று நேரோட்டம், 1.4 அம்பியர், பிளக்கின் நடுமுனை எதிர். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும் பொது அடப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு நடுமுனை நேர். மல்ரிமீற்றரால் பார்க்காமல் செருகவே கூடாது. பிரித்தானிய அசல் அடப்டரை இங்குள்ள 230 வோல்ற்றில் நேரடியாகப் பாவிக்கலாம். ரிவியில் அனலொக் யூஎச்எஃப் 36ஆம் அலைவரிசையைத் தேடுங்கள். சத்தம் பெட்டிக்குள் இருக்கும் ஒலிபெருக்கியில்தான் வரும், ரிவியில் வராது.

விசைகள் வேலை செய்யாவிட்டால் எவை என்று பாருங்கள். 40 விசைகளும் ஐந்து ஐந்தாக எட்டு அரைவரிசைகளாக இணைக்கப்பட்டுள்ளன. 1 முதல் 5 வரை ஒன்றாகச் செத்திருந்தால் அநேகமாக விசைப்பலகையின் அடிச்சவ்விலிருந்து வரும் மெல்லிய நாடாவில் ஒரு கோடு வெடித்திருக்கும். உள்ளே உள்ள வெப்பத்தில் அது காலப்போக்கில் மொறுமொறுப்பாகிவிடும். ஒட்டிச் சரிக்கட்டப் பார்க்காமல் புதிய சவ்வு போடுங்கள். செருகும்போது நாடாவை வளைக்காமல் நேராக அழுத்துங்கள்.