ஆறு மாதம் முடியுமுன் ‘எழுதித் தந்திட்டுப் போம்’ என்றால்

அண்மையில் அக்காவின் மகன் ஒரு ஷொப்பிங் பையோடு கிளிநொச்சியிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். பைக்குள் நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், எழுதாத ஒரு வெள்ளைத்தாள். லீசிங் கம்பனி ஒன்றில் ஐந்தரை மாதமாக வேலை. பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று மோட்டார் சைக்கிளில் கலெக்ஷனுக்கு ஓடுகிறான். டார்கெட் காணாதென்று மனேஜர் கூப்பிட்டு, “தம்பி, நீர் இராஜினாமா எழுதித் தந்திட்டுப் போம், நான் நல்ல சேவிஸ் லெட்டர் தாறன்” என்றாராம். “புரபேஷன்தானே மாமா, ஒண்டும் கேட்க ஏலாதாம்” என்கிறான்.

முதலில் அந்த வெள்ளைத்தாள். வேலை போனவர் நியாயம் கேட்கும் இடம் தொழில் நியாய சபை. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவு அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் முதலாளி வேலையிலிருந்து நிறுத்தியிருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். நீங்களே விலகுவதாக எழுதிக் கொடுத்தால், “நாங்கள் நிறுத்தவில்லை, அவராகப் போனார்” என்று கம்பனி ஒரே வரியில் முடித்துவிடும். வற்புறுத்தி வாங்கினார்கள் என்று பிறகு சொல்லலாம். அதை நிரூபிக்கும் பாடு உங்கள் தலையில். ஆகவே நிறுத்துவதென்றால் அவர்கள் கடிதம் தரட்டும். ‘சேவிஸ் லெட்டர்’ ஆசை காட்டித்தான் இந்தப் பக்கத்தில் அதிகம் பேரை எழுத வைக்கிறார்கள்.

சரி, புரபேஷன் என்கிற தகுதிகாண் காலத்தில் எதையுமே கேட்க முடியாதா? பாதி உண்மை. தகுதிகாண் என்பது ஆளின் வேலையையும் நடத்தையையும் பார்த்து முடிவெடுக்கும் காலம். திருப்தியா இல்லையா என்று சொல்வது பெரும்பாலும் முதலாளியின் கையில்தான். நிரந்தரமானவரை நிறுத்தினால் காரணத்தை முதலாளி நிரூபிக்க வேண்டும். தகுதிகாணில் இருப்பவர் விடயத்தில் இது தலைகீழ். நிறுத்தியது நியாயமில்லை, கெட்ட எண்ணத்தோடு செய்தது என்று ஊழியர்தான் முதலில் காட்ட வேண்டும். அதற்குப் பிறகே பாரம் முதலாளிக்கு மாறும். அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம் எதிர் ரூபசிங்க வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னது இதைத்தான். 1994ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் அது இருக்கிறது.

கெட்ட எண்ணத்தை எப்படிக் காட்டுவது? ‘வெல் டன்’ என்று வட்ஸ்அப்பில் வந்த செய்தி, டார்கெட் பிடித்த மாதத்தின் அறிக்கை, சேமலாப நிதி ஏன் கட்டவில்லை என்று நீங்கள் கேட்ட திகதி, அதற்கு அடுத்த கிழமையே வந்த நிறுத்தல். இப்படித் திகதிகள் தாமாகக் கதை சொல்ல வேண்டும். கம்பனி போனைத் திருப்பிக் கொடுக்க முன்னம் இவற்றை உங்கள் போனுக்கு எடுத்து வையுங்கள். கர்ப்பம் என்ற காரணத்துக்காகப் பெண்ணை நிறுத்துவதோ சட்டத்திலேயே தடை. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேணும்.

வேலை செய்த நாட்களையும் எண்ணுங்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒழுக்காற்றுத் தண்டனையாக அல்லாமல் வேறு காரணத்துக்காக நிறுத்துவதென்றால், ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும் என்கிறது அது. சராசரியாக 15 பேருக்குக் குறைந்த இடத்துக்கு இது பொருந்தாது. 180 நாளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் பொருந்தாது. ஐந்தரை மாதத்தில் மனேஜருக்கு வருகிற அவசரத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். நாங்கள் அந்த வெள்ளைத்தாளிலேயே நாட்களை எண்ணிப் பார்த்தோம். 166. இப்போதைக்கு மருமகனுக்கு இந்தச் சட்டம் உதவாது. தொழில் நியாய சபைக்கு அப்படி நாள் கணக்கு இல்லை.

நியமனக் கடிதத்தை ஆறுதலாக வாசியுங்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருபவருக்குத் தகுதிகாண் எவ்வளவு காலம், அதற்குள் எப்போது நிறுத்தலாம் என்பதையெல்லாம் எழுத்தில் கொடுக்க வேண்டும். முன்னறிவித்தல் எத்தனை நாள், காலத்தை நீடிக்கலாமா என்பதும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டு போங்கள். எங்கள் பொடியன் கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு அதைத் திறந்து பார்க்கவே இல்லை. ஆறு மாதம் கழிந்தும் ஒரு கடிதமும் வராவிட்டால், தானாக நிரந்தரமாகிவிட்டேன் என்று நம்பி இருக்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.

“புரபேஷன் முடியத்தான் ஈபிஎஃப்” என்பது சுத்தப் பொய். ஊழியர் சேமலாப நிதியத்துக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம். எல்லாம் முதல் நாளிலிருந்தே. கட்டாவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு போடலாம். வேலையை விட்ட பிறகும் போடலாம். நம்பிக்கை நிதியப் பணத்தை வேலை விட்டதும் எடுக்க முடியும், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான்.

தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க நிறுத்திய திகதியிலிருந்து ஆறு மாதம் இருக்கிறது. வட்டாரத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கிடக்கிறதுதானே என்று இருந்து இந்த நாளைக் கடத்திவிடாதீர்கள். சட்டத்தரணி கட்டாயமில்லை, தொழிற்சங்கத்தில் இருந்தால் சங்கமே உங்களுக்காக விண்ணப்பிக்கலாம். காசில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் இலவசமாகக் கேட்கலாம். முல்லைத்தீவின் உட்பகுதியிலிருந்து வருகிறவர் ஒரே பயணத்தில் முடிக்கப் பார்க்க வேணும்: அடையாள அட்டை, நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், நிறுத்தல் கடிதம், எல்லாவற்றிலும் இரண்டு பிரதி.

அரச வேலையில் தகுதிகாணில் இருப்பவருக்கு இந்த வழிகள் இல்லை. அவர்களுடைய மேன்முறையீடு அரசாங்க சேவை ஆணைக்குழுப் பக்கம் போகும்.

மருமகன் அடுத்த நாள் மனேஜருக்கு ஒரு செய்தி அனுப்பினான்: “சேர், நான் விலகேல்லை. நிறுத்துறதெண்டால் காரணத்தோட கடிதம் தாங்கோ.” நீல சரி வந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. இன்றைக்கும் கலெக்ஷனுக்குத்தான் போயிருக்கிறான்.